விரல்களால் கேட்டவர்

ஹெலன் கெல்லர் 1880ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கடும் நோய் அவருடைய பார்வையையும் செவித்திறனையும் ஒருங்கே பறித்தது. செவி கேளாமையால் குழந்தைக்குப் பேச்சும் வரவில்லை. வேண்டியதைச் சொல்ல மொழியின்றி, அது சினந்து அழுதது.

1887இல் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை வந்தார். ஹெலனின் ஒரு கையில் குளிர்ந்த நீரை விழச் செய்து, மறு கையில் 'நீர்' என்னும் சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் உணர்த்தினார். பொருளுக்குப் பெயர் உண்டு என்பது அன்றுதான் அச்சிறுமிக்கு விளங்கியது. பிறகு, பேசுவோரின் தொண்டையிலும் உதட்டிலும் விரல்களை வைத்து, அதிர்வால் பேச்சை அறியவும் பழகினார். 1904இல் கல்லூரிப் பட்டம் பெற்றார். நூல்கள் பல எழுதினார்.

இரண்டையும் இழந்த அவர், பார்வையிழப்பினும் செவியிழப்பே கொடிது என்று கருதினார். மனிதக் குரலும் அதன்வழி வரும் மொழியும் செவி கேளாதார்க்கு எட்டாமற்போவதே அதற்குக் காரணம்.

1955இல் ஹெலன் புதுதில்லிக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 74. தில்லிப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் அளித்துள்ளது. பிரதமர் நேருவைச் சந்தித்தபோது, அவர் முகத்தை ஹெலன் தம் விரல்களால் மெல்லத் தடவி அறிந்துகொண்டார்.