பிடி மேசன் அம்மையார்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறியோரின் வரலாறு பெரும்பாலும் துப்பாக்கி ஏந்திய ஆடவரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட அந்நிலத்தில் நகரங்கள் எழுந்தபோது, நோயாளர்க்கு மருந்திட்டும் மகப்பேறு பார்த்தும் உழைத்த பெண்டிர் பலர். அவர்களுள் ஒருவரே, 1818ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்த பிடி மேசன் அம்மையார்.

அவரை உடைமையாக வைத்திருந்தவன் இராபர்ட் சுமித் என்பான். 1848இல் அவன் மார்மன் சமயத்தாருடன் மிசிசிப்பியிலிருந்து யூட்டாவுக்குப் புறப்பட்டான். ஏறத்தாழ 1,700 மைல் தொலைவு. வண்டிகளின் பின்னே கால்நடைகளை ஓட்டிக்கொண்டு அம்மையார் நடந்தே சென்றார். உடன் மூன்று பெண் மக்கள், இளையவள் கைக்குழந்தை.

1851இல் சுமித் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தான். அம்மாநிலச் சட்டம் அடிமை முறையைத் தடை செய்திருந்தது. ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தது. அடிமைகள் அவன் பிடியிலேயே இருந்தனர். பின்னர் அவர்களை அடிமை மாநிலமான டெக்சாசுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டான். இதனை அறிந்த இராபர்ட் ஓவன்சு முதலிய கறுப்பின நண்பர்கள் முயன்று வழக்கை மன்றத்திற்குக் கொணர்ந்தனர்.

இங்கு ஒரு கொடுமையைக் கருதவேண்டும். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அந்நாளையச் சட்டம் இடந்தரவில்லை. தம் வாழ்வைப் பற்றிய வழக்கிலேயே அம்மையாருக்கு வாயில்லை! நீதிபதி பெஞ்சமின் ஏய்சு தனியறையில் வைத்து அவர் கருத்தைக் கேட்டறிந்தார். 1856 சனவரியில் அம்மையாரும் அவர் மக்களும் உள்ளிட்ட 14 பேர் விடுதலை பெற்றனர்.

அதன்பின் இலாசு ஏஞ்சலிசு நகரில் மருத்துவர் ஒருவரிடம் நாளொன்றுக்கு இரண்டரை டாலர் ஊதியத்தில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பணிபுரிந்தார். பத்தாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து, 1866இல் 250 டாலருக்கு ஸ்பிரிங் தெருவில் மனை வாங்கினார். பத்திரத்தில் அவரால் கீறலே இட முடிந்தது; எழுத்தறிவை அடிமை வாழ்வு அவருக்கு மறுத்திருந்தது. நகரம் வளர வளர மனையின் மதிப்பும் உயர்ந்தது. அச்செல்வம் பூட்டி வைக்கப்படவில்லை. சிறையிலிருந்தோருக்கு உணவு சுமந்து சென்றார். வறியோர் அவர் வாயிலில் வரிசையாக நின்றனர். 1872இல் நகரின் முதல் ஆப்பிரிக்க மெதடிசுட்டுத் திருச்சபை அவர் இல்லத்திலேயே தொடங்கப்பெற்றது.

அம்மையார் 1891 சனவரி 15ஆம் நாள் மறைந்தார். அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை. 97 ஆண்டுகள் கழித்து, 1988இல்தான் அங்கு கல் நாட்டப்பெற்றது. அப்போது அந்நகரின் மேயராக விளங்கியவர் டாம் பிராட்லி என்னும் கறுப்பினத்தவர், அடிமைகளின் பேரர்.