நடக்க முடியாத வயசிலும் காவிரிக் குளியல்... ராமானுஜர் விடாத பழக்கம்!

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குப் போனவங்க ராமானுஜர் சன்னதியில் கொஞ்ச நேரமாவது நின்றிருப்பாங்க. அவர் எத்தனை வயசு வரை வாழ்ந்தார் தெரியுமா?

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, 1137-ல் ஸ்ரீரங்கத்தில் மறைந்தார் என்பது வைணவ மரபின் கணக்கு. அதாவது 120 ஆண்டுகள்! இதை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. சில பத்தாண்டுகளைக் கழித்தாலும் அது நீண்ட ஆயுள்தான்.

18 முறை நடை

திருமந்திரத்தின் பொருளைக் கற்க, ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை போனார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் ஊர் அது. ஒருவழிக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். துறவி என்பதால் தினசரி உணவும் வீதிகளில் நடந்து, வீடு வீடாகப் பெற்றதுதான்.

சோழ மன்னனின் மிரட்டலால் ஸ்ரீரங்கத்தை விட்டுக் கிளம்பியபோது, மரபுக் கணக்கில் அவருக்கு வயது 80-ஐ ஒட்டி. காடு மலை தாண்டி கர்நாடகத்தின் மேல்கோட்டைக்குப் போய், சுமார் 12 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார்.

நாவல்பழமும் கஷாயமும்

சாப்பாட்டு விஷயத்தில் எவ்வளவு கவனம் என்பதற்கு கோயிலொழுகில் ஒரு கதை இருக்கு. பெருமாளின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, முந்தைய இரவு என்ன படைத்தார்கள் என்று விசாரித்தாராம். தயிர்சாதத்தோடு நாவல்பழம்! இரண்டும் சேராது என்று உடனே கஷாயம் படைக்கச் சொன்னார். கோயிலில் தன்வந்திரி சன்னதி வந்ததும் இதனால்தான் என்கிறது அந்தக் கதை.

இரண்டு தோள்கள்

வயசாகி நடை தளர்ந்தது. வழுக்கும் படித்துறை வேறு. இன்றைக்கு நம்ம வீடுகளில் என்ன செய்வோம்? விழுந்துடுவீங்க, பேசாம உட்காருங்கன்னு பெரியவங்களை நாற்காலியில் உட்கார வெச்சிடுவோம். உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இன்னும் வேகமாகத் தளரும், விழும் ஆபத்தும் கூடும் என்பது பிறகுதான் புரியும்.

ராமானுஜர் ஆற்றுக்குப் போவதை நிறுத்தலை. தோள் தேடிக்கொண்டார். போகும்போது பிடித்துக்கொண்டது அந்தணரான முதலியாண்டான் தோளை. குளித்துத் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாசரின் தோளை. இவர், இன்று திருச்சி நகரின் பகுதியாக இருக்கும் உறையூரில் மல்யுத்த வீரராக இருந்தவர். சாதியில் தாழ்ந்தவர் என ஊர் ஒதுக்கிய குலம்.

குளித்த பிறகு இவரைத் தொடலாமா என்று கூட இருந்தவர்களே முணுமுணுத்தனர். பிறப்புக் கர்வம் துளியும் இல்லாத தாசரைத் தொட்டால்தான் குளியலே முழுமையாகிறது என்பது ராமானுஜரின் பதில். மறுநாளும் அதே தோளைப் பிடித்துக்கொண்டுதான் மடத்துக்குத் திரும்பினார்.