சைலன்சர் மாத்தப் போறீங்களா? வெடிச்சத்தத்தை அடக்கிய மேக்சிமின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

பழைய காரை ஸ்டார்ட் பண்ணினாலே டிராக்டர் மாதிரி சத்தம் வருதா? மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் சைலன்சர் போயிடுச்சு, மாத்தணும் என்பார்கள். உடனே மனசுக்குள் கணக்கு ஓடும். வெல்டிங் வைத்து ஓட்டலாமா, விலை குறைவான டப்பா ஒண்ணு வாங்கி மாட்டலாமா?

அதை முடிவு செய்வதற்கு முன் ஒரு மனிதரின் கதையைப் பார்த்துவிடலாம். நாம் சைலன்சர் என்று சொல்வதை அமெரிக்கர்கள் மஃப்ளர் என்பார்கள். அங்கே சைலன்சர் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டும் குழாய். அந்தக் குழாயை விற்பனைக்குக் கொண்டுவந்து பெயர் பெற்றவர், கார் எஞ்சினுக்காகப் பல வருடம் உழைத்தவர். பெயர் ஹைரம் பெர்சி மேக்சிம்.

யார் இந்த மேக்சிம்?

1869 செப்டம்பர் 2-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா ஹைரம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், உலகத்தையே நடுங்க வைத்த மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். சித்தப்பா ஹட்சன் மேக்சிம் வெடிமருந்து ஆராய்ச்சியாளர். ஒரு வெடி விபத்தில் சித்தப்பாவின் இடது கை போனது. பல வருடம் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலேயே இருந்த அப்பாவுக்குக் காது கேட்காமல் போனது.

சத்தம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பதற்கு இந்தக் குடும்பமே சாட்சி. அப்பா 1880-களின் தொடக்கத்தில் லண்டனுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மகன் அமெரிக்காவில் வளர்ந்தார். எம்.ஐ.டி.யில் 1886-ல் படிப்பை முடித்தபோது அவருக்கு 17 வயதுகூட நிறையவில்லை.

குண்டு உறைக்குள் சில சொட்டு பெட்ரோல்

படிப்பை முடித்த சில வருடங்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில், பீரங்கிக் குண்டு தயாரிக்கும் ஆலையில் பொறுப்பான வேலை கிடைத்தது. பகலில் வேலை, ராத்திரியில் பரிசோதனை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டி செய்ய வேண்டும் என்பது ஆசை. ஆனால் பெட்ரோல் எப்படி எரியும், எவ்வளவு வேகமாக வெடிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. எனவே ஒரு காலி குண்டு உறையில் சில சொட்டு பெட்ரோலை விட்டுத் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுப் பார்த்தார். வெடித்த வேகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பிறகு தானே ஒரு எஞ்சினைச் செய்தார். அதை மாட்ட வாங்கியது புது வண்டி இல்லை. செகண்ட் ஹேண்டில் கிடைத்த, இருவர் மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிள்! பட்ஜெட்டுக்குள் வேலையை முடிப்பது அவருக்கு அப்போதே கைவந்த கலை.

வெடி மேல யார் உட்காருவாங்க?

1895-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் இருந்த போப் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்தது. அப்போது சைக்கிள் தயாரிப்பில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் அது. ஆனால் முதலாளி ஆல்பர்ட் போப்புக்குப் பெட்ரோல் எஞ்சின் மேல் நம்பிக்கையே இல்லை. ஒரு வெடியின் மேல் யாரும் உட்கார்ந்து போகமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம் என்று சொல்லப்படுகிறது. அதனால் நிறுவனம் பெரும்பாலும் மின்சாரக் கார்களையே செய்தது. மேக்சிம் அவற்றையும் வடிவமைத்தார், பெட்ரோல் எஞ்சினையும் விடவில்லை. 1899-ல் பிரான்ஃபோர்டில் நடந்த கார் பந்தயத்தில் பெட்ரோல் காரை ஓட்டி ஜெயித்தும் காட்டினார்.

போப்பின் பயத்திலும் நியாயம் இருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால், உள்ளே நிமிடத்துக்கு 4,000 முறை வெடிக்கிறது. அத்தனை வெடியும் அப்படியே வெளியே வந்தால் தெருவில் யாரும் நிற்க முடியாது.

கார் சைலன்சர் இவர் கண்டுபிடிப்பா?

இல்லை. இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த மில்டன் ரீவ்ஸ், மார்ஷல் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-லேயே எஞ்சின் மஃப்ளருக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். மேக்சிம் செய்தது வேறு. எஞ்சின் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் அடிப்படையில் ஒண்ணுதான் என்று பார்த்தார். சூடான, அழுத்தம் மிகுந்த வாயு ஒரு குழாயிலிருந்து திடீரென்று வெளியே பாய்கிறது. அதுதான் அந்த டமார்!

இதற்கு விடை அவருக்குக் குளியல் தொட்டியில் கிடைத்தது என்று சொல்வார்கள். தொட்டித் தண்ணீர் சுழன்று சுழன்று மெதுவாக இறங்குவதைப் பார்த்தவர், வாயுவையும் அப்படிச் சுழல விட்டால் என்ன என்று யோசித்தாராம். வாயு நேராக ஓடாமல் அறை அறையாகச் சுழன்று, வேகம் குறைந்து வெளியே வரும்படி ஒரு குழாயைச் செய்தார். 1909-ல் காப்புரிமை கிடைத்தது. முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்கூட அதை வாங்கித் தன் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டார்.

குற்றவாளிகள் கையில் போனால் என்னாகும் என்ற பயம் பின்னால் எழுந்தது. 1934-ல் அமெரிக்க அரசு துப்பாக்கி சைலன்சருக்கு 200 டாலர் வரி போட்டது. அன்றைக்கு அது மிகப் பெரிய தொகை. ஆனால் மேக்சிமின் நிறுவனம் அதற்கு முன்பே எஞ்சின்கள், தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தத்தை அடக்கும் பக்கம் திரும்பியிருந்தது.

சத்தத்தை அடக்கியவர், குரலைப் பரப்பியவர்

மேக்சிமுக்கு ரேடியோ மேலும் பைத்தியம். 1914-ல் ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஏறக்குறைய 30 மைல் தள்ளி இருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு செய்தி அனுப்பப் பார்த்தார். சிக்னல் போகவில்லை. நடுவில் வின்ட்சர் லாக்ஸில் இருந்த இன்னொரு ரேடியோ ஆர்வலர் அதை வாங்கி அங்கே அனுப்பிவைத்தார். இப்படிக் கை மாற்றி அனுப்பினால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று தோன்றியது. அதே வருடம் கிளாரன்ஸ் டஸ்காவுடன் சேர்ந்து அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது. அவருடைய அழைப்புக் குறியான டபிள்யூ1ஏடபிள்யூ இப்போது அந்தச் சங்கத் தலைமையகத்தின் நிலையத்துக்குச் சொந்தம்.

1926-ல் வீட்டில் சினிமா எடுப்பவர்களுக்காக ஒரு சங்கத்தையும் தொடங்கினார். அப்பாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1936 பிப்ரவரி 17-ம் தேதி, பயணத்தின்போது உடல்நலம் கெட்டு, கொலராடோவின் லா ஹுன்டா ஊரில் காலமானார். வயது 66.

சரி, நம்ம பழைய காருக்கு வருவோம்

மேக்சிமின் வேலையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒண்ணுதான். வாயுவை அடைத்து வைக்க முடியாது. அதற்கு இடமும் நேரமும் கொடுத்தால் சத்தம் தானாக அடங்கும். கார் சைலன்சருக்குள் இருக்கும் அறைகளும் ஓட்டைக் குழாய்களும் தடுப்புகளும் அதற்குத்தான். அந்த உள்வேலை இல்லாத டப்பா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வெறும் தகரம்தான். விலை குறைவு என்று அதை வாங்கினால் மிச்சம் எதுவும் இல்லை.

அப்போ பட்ஜெட்டுக்குள் என்ன செய்யலாம்?

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்க. பல நேரம் சைலன்சர் நன்றாகவே இருக்கும். ஹேங்கர் ரப்பர் அறுந்திருக்கும், கேஸ்கட் போயிருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். இதெல்லாம் சின்னச் செலவு.

குழாயில் மட்டும் சின்ன ஓட்டை என்றால் வெல்டிங் போதும். டப்பாவே உள்ளிருந்து துருப்பிடித்திருந்தால் வெல்டிங் நிற்காது. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. பக்கத்துக் கடைக்கு மட்டுமே போய்வரும் காரில் குழாய் முழுசாகச் சூடாகாது. அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் உள்ளேயே தங்கி அரிக்கும். எஞ்சினிலிருந்து தள்ளி, சூடு குறைவாக இருக்கும் பின்பக்க டப்பாதான் பெரும்பாலும் முதலில் போகும். அதை மட்டும் மாற்றினால் செலவு பாதியாகக் குறையலாம்.

புதுசு வாங்கும்போது பழைய குழாயின் அதே விட்டம் இருக்கட்டும். சாதாரண இரும்பைவிட அலுமினியப் பூச்சு போட்ட இரும்பு கூடுதல் நாள் உழைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைவிட நீண்ட நாள் வரும், ஆனால் விலை அதிகம். இன்னும் சில வருடத்தில் விற்கப்போகிற காருக்கு நடுத்தரமானதே போதும்.

உள்ளே இருக்கும் தடுப்புகளைப் பிடுங்கச் சொல்லாதீங்க. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றாதீங்க. நம் நாட்டின் மத்திய மோட்டார் வாகன விதி 120-ன்படி வண்டியில் சைலன்சர் கட்டாயம். ஒலி, புகை விதிகளை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒண்ணு இருக்கு. காரின் அடியில் ஓட்டை இருந்தால் சத்தம் மட்டும் வெளியே வராது, கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டு நிற்கும் காருக்குள் அது புகுந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு உயிராபத்து. எனவே சத்தம் கூடினால் அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், வண்டியை உடனே தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க.