தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்

இராமநாதபுரத்துக் கடற்கரையிற் பிறந்தோர்க்குச் சங்கு புதிய பொருளன்று. கீழக்கரையிலும் இராமேசுவரத்திலும் கடலில் மூழ்கிச் சங்கெடுத்தல் தொன்றுதொட்டு வந்த தொழிலாகும். அவ்வாறு எடுத்த சங்கிற் பெரும்பகுதி வளையலாகும்பொருட்டு வங்காளம் சென்றது. சிறுபகுதி நாட்டு வைத்தியரின் புடத்தில் வெந்து நீறிச் சங்கு பஸ்பமாயிற்று. தூதுவளையும் கண்டங்கத்திரியும் வேலியோரத்து ஆடாதோடையும் எங்கள் பக்கத்து வீடுகளில் இருமலுக்கு முதல் மருந்து. ஆயினும், மூலிகை வைத்தியம் என்றவுடன் கற்றோருட் சிலர் நகைக்கின்றனர்; வேறு சிலரோ, இயற்கைப் பொருளாதலின் அதனால் யாதொரு தீங்கும் வாராதெனக் கண்மூடி நம்புகின்றனர். இவ்விரு சாராரும் அறியத்தக்கது ஆபிரகாம் பண்டிதரின் வாழ்க்கை. இசையுலகம் அவரைக் கருணாமிர்த சாகரத்தின் ஆசிரியராகவே போற்றும். யாம் ஈண்டு உரைக்கப் புகுந்தது அவருடைய வைத்தியத்தைப் பற்றியே.

பண்டிதர் 1859-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 2-ஆம் நாள், திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த சாம்பவர் வடகரையில் கிறிஸ்தவப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். ஆண்டுப் பயிலுங்காலத்திலேயே வயலினும் புகைப்படக் கலையும் கற்றார் என்பர். எதைக் கண்டாலும் அதன் அடிவரை சென்று பார்க்கும் இயல்பு அவருக்கு இளமையிலேயே இருந்தது. மூலிகைகளில் நாட்டம் மிகுந்து கம்பம் பள்ளத்தாக்கையடுத்த சுருளி மலைக்குச் சென்றவர், அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவர்பாற் சித்த வைத்திய நுட்பங்களைக் கற்றுக்கொண்டார். மிஷன் பள்ளியிற் பயின்ற கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் மலைவாழ் துறவியின் அடியமர்ந்து பாடங்கேட்டல் அக்காலத்திற் சிறிய செய்தியன்று. அவர் அதனை மறைக்கவுமில்லை. பிற்காலத்தில் தாம் அமைத்த தோட்டத்திற்குக் கருணானந்தபுரம் என்று குருவின் பெயரையே இட்டார். தம் மருந்துகளையும் அப்பெயராலேயே வழங்கினார்.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு ஆண்டு இருவரும் தஞ்சை சென்று, லேடி நேப்பியர் பெண்கள் பாடசாலையில் ஆசிரியராயினர். பள்ளி முடிந்த பின்னர் வைத்தியம் பார்ப்பது வழக்கமாயிற்று. நோயாளிகள் பெருகவே, 1890-இல் ஆசிரியத் தொழிலை விடுத்துக் கருணாநிதி வைத்தியசாலையில் முழுதும் ஈடுபட்டார். மாதந்தோறும் தவறாது கைக்கு வரும் ஊதியத்தை விட்டு மருந்துக்கலத்தை நம்பி இறங்குதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! அம்மையார் அம்முயற்சியில் உடன் நின்றார்.

நாட்டு வைத்தியத்தின் பெருங்குறை மருந்து முறையிலன்று, சரக்கிலேயே உள்ளது என்பது எமது கருத்து. வைத்தியர் எழுதிக் கொடுத்த பச்சிலைக்கு ஈடாக அதனையொத்த வேறொரு தழை வரும், வேர் பழையதாயிருக்கும், பெயர் ஊர்தோறும் மாறும். இயற்கைப் பொருள் யாவும் நல்லவையென்பதும் பிழை. சேங்கொட்டையின் பால் தோலிற் பட்டாற் கொப்புளமாகும். எட்டிக் கொட்டையில் ஸ்டிரிக்னைன் என்னும் கொடிய நஞ்சுண்டு. இவை மருந்தாவது சுத்தி செய்த பின்னரே. அதுவும் அளவறிந்து கொடுப்பார் கையிலேயே. பண்டிதர் இதற்குக் கண்ட வழி எளியது, ஆனால் பெருமுயற்சி வேண்டுவது. தஞ்சை நகர்ப்புறத்தே பெருநிலம் வாங்கி, வேண்டிய மூலிகைகளைத் தாமே பயிர் செய்தார். எச்செடியின் எவ்வுறுப்பு, எப்பருவத்திற் பறித்தது என்பது ஐயமற அவருக்குத் தெரியும். மக்கள் அதனைப் பண்டிதர் தோட்டம் என்றழைத்தனர்.

இதன் அருமை ஒப்பிட்டு நோக்கினால் விளங்கும். சிங்கோனாப் பட்டையினின்று குவினைனைப் பாரிசு நகரத்து இரசாயன நூலார் இருவர் 1820-இற் பிரித்தெடுத்தனர். 1860-ஐ அடுத்த ஆண்டுகளில் அரசாங்கத்தார் பெரும்பொருள் செலவிட்டு அம்மரத்தை நீலகிரியில் வளர்த்தனர். அரசாங்கம் ஒரு மரத்திற்குச் செய்ததைத் தனி மனிதர் ஒருவர் தம் கைப்பொருள் கொண்டு பல மூலிகைகளுக்குச் செய்தார். எங்கள் வேலியோரத்து ஆடாதோடையும் எளியதன்று. அதிலுள்ள வாசிசைன் என்னும் பொருளை அடியாகக் கொண்டே, புரோம்ஹெக்சின் என்னும் கோழையகற்றும் மருந்து பிற்காலத்தில் ஆக்கப்பட்டது.

அவருடைய கோரோசனை மாத்திரை இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலைபோயிற்று. 1909-இல் அரசாங்கத்தார் ராவ் சாகிப் பட்டம் அளித்தனர். ஈட்டிய செல்வத்தை என் செய்தார்? இசைக்கே ஈந்தார். 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே மாநாடுகள் பல கூட்டினார்; 1916-இற் பரோடாவில் நடந்த மாநாட்டில் தம் சுருதி ஆராய்ச்சியை விளக்கினார்; 1917-இற் கருணாமிர்த சாகரத்தைத் தஞ்சையிலேயே தம் அச்சகத்தில் அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது. மருந்து விற்ற பணம் பண்ணாராய்ச்சியாக மலர்ந்தது வியப்பே. ஆயினும் எமக்கு ஓர் ஆற்றாமை உண்டு. சுருதியை அணுவணுவாக அளந்து எழுதிய அக்கை, தாம் பயிரிட்ட மூலிகைகளைப் பற்றியும், தாம் கண்ட நோயாளிகளைப் பற்றியும் அத்தகைய பெருநூல் ஒன்றை உலகிற்கு அளித்திலது. எந்நோய்க்கு எம்மருந்து எத்தனை பேர்க்குப் பயன்பட்டது, எத்தனை பேர்க்குப் பயன்படவில்லை என்னும் கணக்கல்லவோ வைத்தியத்திற்குச் சுருதி!

1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். 1921-இற் சென்னை அரசாங்கத்தார் முகம்மது உஸ்மான் தலைமையில் குழு ஒன்றை அமைத்து, சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய நாட்டு வைத்திய முறைகளைப் பற்றிப் பல வைத்தியரிடம் வினாக்களனுப்பி விடை பெற்றனர். அவ்விடைகள் 1923-இல் அறிக்கையோடு அச்சேறின. வினாக்கள் எழுந்தபொழுது, விடையளிக்க மிகவும் தக்கவராயிருந்த தஞ்சை வைத்தியர் மறைந்து ஈராண்டுகளே கழிந்திருந்தன.