கரோலினா மரியா டி ஜெசுஸ்

கரோலினா மரியா டி ஜெசுஸ் (மார்ச் 14, 1914 – பெப்ரவரி 13, 1977) பிரேசில் நாட்டு எழுத்தாளர் ஆவார். சாவோ பாவுலோ நகரின் கனிண்டே சேரியில் காகிதம் பொறுக்கி வாழ்ந்தபடி இவர் எழுதிய நாட்குறிப்பு 1960 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்து, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இளமை

மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் சாக்ரமெந்தோ என்னும் ஊரில் வறிய கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் பயின்றது இரண்டு ஆண்டுகளே. 1937 இல் சாவோ பாவுலோ வந்து வீட்டு வேலை செய்தார். கருவுற்றபின் வேலை இழந்து, 1940களின் இறுதியில் கனிண்டேயில் தாமே குடிசை கட்டிக் குடியேறினார்.

சேரி வாழ்க்கை

கனிண்டே, தியெத்தே ஆற்றின் கரையில் அமைந்திருந்தது. விடியற்காலையில் பொதுக்குழாயில் வரிசையில் நின்று நீர் பிடித்தபின் தெருக்களில் காகிதமும் பழைய இரும்பும் பொறுக்கி விற்பது இவரது தொழில். மழை பெய்தால் காகிதம் கிடைக்காது. அன்று மூன்று பிள்ளைகளும் பட்டினி. நாட்குறிப்பின் முதற்பதிவு (சூலை 15, 1955) மகளின் பிறந்தநாள் பற்றியது. புதுக் காலணி வாங்க இயலாமல், குப்பையில் கண்டெடுத்த காலணியைக் கழுவித் தைத்துக் கொடுத்ததை அதில் எழுதியுள்ளார்.

குப்பையில் கிடைத்த குறிப்பேடுகளிலேயே இவர் எழுதினார். குடி, சண்டை, பசி எதையும் மறைக்கவில்லை. அண்டை வீட்டாரைப் பற்றிய சித்தரிப்பு பல இடங்களில் மிகக் கடுமையானது. சேரி மனிதரை என்ன செய்கிறது என்பதற்கு எழுதியவரின் அக்கடுமையும் ஒரு சான்றே எனலாம்.

நூல் வெளியீடு

1958 இல் சேரியைப் பற்றி எழுத வந்த செய்தியாளர் அவுடாலியோ டன்டாஸ், சிறுவர்களின் ஊஞ்சல்களைப் பிடித்துக்கொண்ட பெரியவர்களிடம், அவர்கள் பெயரைத் தம் நூலில் எழுதிவிடுவதாக ஒரு பெண் மிரட்டுவதைக் கேட்டார். அப்பெண்ணே கரோலினா. டன்டாஸ் குறிப்பேடுகளைச் சுருக்கித் தொகுத்தார். வேண்டாத பொருட்களைப் போட்டுவைக்கும் அறை என்று பொருள்படும் தலைப்பில் வெளியான நூலின் 10,000 படிகள் சில நாட்களில் விற்றுத் தீர்ந்தன.

அவ்வாண்டே கரோலினா சேரியை விட்டு வெளியேறினார். தங்களைப் பற்றி எழுதியதால் சினமுற்றிருந்த அண்டை வீட்டார், பொருட்களை ஏற்றிய வண்டியின்மீது கல்லெறிந்தனர்.

பிற்காலம்

சாந்தானா பகுதியில் செங்கல் வீடு வாங்கினார். அங்கிருந்த நடுத்தர வகுப்பினரும் இவரை ஏற்கவில்லை. 1961 இல் வெளிவந்த இரண்டாம் நாட்குறிப்பு நன்கு விற்கவில்லை. பின்னர் நகரின் தென்கோடியான பரேல்யெய்ரோசுக்குக் குடிபெயர்ந்து, பயிர் செய்தும் கோழி வளர்த்தும் வாழ்ந்து அங்கேயே இறந்தார். ஆற்றோரச் சாலைப் பணிக்காகக் கனிண்டே சேரி 1960களின் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டுவிட்டது. இவரது இளமைக்கால நினைவுகள் 1982 இல் முதன்முதலில் பிரெஞ்சு மொழியிலேயே நூலாயின.