ஒற்றைக் கண்ணோடு உலகைச் சுற்றிய விமானி... பாதியில் நின்ற கடைசிப் பயணம்!

அலாஸ்காவின் வடகோடியில் இருக்கும் உட்கியாக்விக் ஊருக்கு வெளியிலிருந்து சாலையே கிடையாது. விமானத்தில்தான் போய் இறங்கணும். இறங்கினதும் விமான நிலையத்தின் பெயரைப் பாருங்க: வைலி போஸ்ட் - வில் ரோஜர்ஸ் நினைவு விமான நிலையம். ரெண்டு பேருமே அந்த ஊருக்குப் பக்கத்தில் விமானம் விழுந்து இறந்தவங்க!

அதில் வைலி போஸ்ட் 1898-ல் டெக்சாஸ் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயசில் ஒரு கண்காட்சியில் விமானத்தைப் பார்த்த நாளிலிருந்து பறக்கிற ஆசை. ஆனா, கையில் காசில்லை. 1921-ல் வழிப்பறி வழக்கில் சிக்கி 10 வருஷ சிறைத் தண்டனை. மறுவருஷமே பரோலில் வெளியே வந்தார். 1926-ல் எண்ணெய்க் கிணற்று வேலையில் இரும்புத் துண்டு தெறித்து இடது கண் போச்சு. நம்மில் பலர் அதோடு ஆசையை மூட்டை கட்டியிருப்போம். அவரோ, நஷ்டஈட்டுப் பணத்தில் பழைய விமானம் ஒன்றை வாங்கினார்!

ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகப் பிடிபடாது. தரையிறங்கும்போது கணக்கு தப்பினா அவ்வளவுதான். அதனால், எதிரே தெரியும் மரம் எவ்வளவு தூரம்னு மனசுக்குள் கணிச்சு, பிறகு அடி எண்ணி நடந்து சரிபார்ப்பார். இப்படியே பழகினார்.

1931-ல் 'வின்னி மே' விமானத்தில் ஹெரால்டு கேட்டியுடன் 9 நாளுக்குள் உலகைச் சுற்றினார். 1933-ல் தனி ஆளாக 7 நாள், 18 மணி, 49 நிமிடத்தில் சுற்றி முடித்தார். உலகைத் தனியாகப் பறந்து சுற்றிய முதல் மனிதர் அவர்தான். காற்று மெலிந்த உயரத்தில் பறக்க, 1934-ல் அழுத்த உடையையும் உருவாக்கினார். இன்றைய விண்வெளி உடைக்கு அது ஒரு முன்னோடி.

1935-ல், அமெரிக்காவே கொண்டாடிய நகைச்சுவை நடிகர் வில் ரோஜர்ஸுடன் அலாஸ்கா கிளம்பினார். விமானம் ஒட்டுவேலை. ஒரு மாடலின் உடல், இன்னொரு மாடலின் இறக்கை. தண்ணீரில் இறங்குவதற்காகக் கனமான மிதவைகள் வேறு. இதனால் மூக்குப் பகுதியில் பாரம் கூடி, வேகம் குறைந்தால் விமானம் முன்பக்கமாகச் சாய்ந்தது. போஸ்ட்டுக்கும் அது தெரியும். தன் கைத்திறனை நம்பிக் கிளம்பிட்டார்.

ஆகஸ்ட் 15. பனிமூட்டத்தில் வழி தெரியாமல் ஒரு காயலில் இறங்கினார்கள். அங்கிருந்த இனுபியாட் மக்களிடம் வழி கேட்டுக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். போகவேண்டிய ஊர் சுமார் 24 கிலோமீட்டர்தான். மேலே எழும்பிய சில நொடிகளில் இன்ஜின் நின்றது. விமானம் தலைகுப்புற ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தது. ரெண்டு பேரும் பிழைக்கலை. நேரில் பார்த்த இனுபியாட் ஒருவர், அவ்வளவு தூரமும் ஓடிப்போய் ஊருக்குச் சொன்னார். போஸ்ட்டுக்கு அப்போ வயசு 36.

தன் கண்ணின் குறையை அடி அடியாக அளந்து ஜெயிச்ச மனிதர், விமானத்தின் குறையை மட்டும் சமாளிச்சுக்கலாம்னு விட்டுட்டார். திறமைசாலிகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். உங்க திறமை மேல் நம்பிக்கை வைங்க. அதுக்காக, கண்ணுக்குத் தெரியும் கோளாறைத் தள்ளிப்போடாதீங்க!