புதுமைப் பெண் திட்டத்துல வர்ற பேரு... யார் இந்த மூவலூர் ராமாமிர்தம்? மதத்தின் பேரால் தந்த சட்ட விலக்கை எதிர்த்த டெல்டா பெண்ணின் கதை

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகும் பொண்ணுங்க வங்கிக் கணக்குல மாசம் 1000 ரூபாய் விழுதே, அந்தத் திட்டத்தோட முழுப் பேர் தெரியுமா? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். புதுமைப் பெண் என்பது பிறகு வந்த செல்லப்பெயர். 1989ல் திருமண உதவித் திட்டமாகத் தொடங்கி, 2022 செப்டம்பரில் கல்வி உதவியாக மாறியது. திட்டம் மாறியும் பேர் மாறவில்லை. அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் பலருக்கும் பதில் கிடையாது.

10 ரூபாயும் ஒரு பழைய புடவையும்

1883ல் திருவாரூரில் பிறந்தவர் ராமாமிர்தம். இசை வேளாளர் குடும்பம். அப்பா கிருஷ்ணசாமி, அம்மா சின்னம்மாள். வறுமை தாங்காமல் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். குழந்தையை வைத்துக்கொண்டு தனியாகத் தவித்த அம்மா, ஒரு தேவதாசிப் பெண்ணிடம் மகளைக் கொடுத்துவிட்டார். கைக்கு வந்தது 10 ரூபாயும் ஒரு பழைய புடவையும்.

சிறுமி வளர்ந்தது மாயவரத்தை ஒட்டிய மூவலூரில். இன்றைக்கு மயிலாடுதுறை மாவட்டம், அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா. பாட்டும் நாட்டியமும் கற்றுக் கொடுத்தார்கள். பருவம் வந்ததும் தன்னைவிட வயதில் மிகப் பெரிய ஒருவருக்கு அவரை முடித்துவைக்கப் பார்த்தார்கள். ராமாமிர்தம் மறுத்தார். தனக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்த சுயம்பு பிள்ளையை மணந்துகொண்டார். பொட்டுக்கட்டும் குலத்தில் வளர்க்கப்பட்ட பெண் கல்யாணம் செய்துகொள்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை, ஊரே எதிராக நிற்கும்.

சட்டம் இருந்தது, ஆனா...

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு குழந்தையை விபசாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்திலேயே குற்றம். பிரிவு 372 விற்பவருக்கு, 373 வாங்குபவருக்கு. எந்த மதத்துக்கும் அதில் விலக்கு எழுதப்படவில்லை. அப்படியென்றால் 10 ரூபாய்க்குக் கைமாறிய குழந்தைக்காக ஏன் யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை?

காரணம், எழுதப்படாத விலக்கு. பொட்டுக்கட்டுதல் என்பது கோயில் சடங்கு, பெண் மணந்துகொள்வது தெய்வத்தை, இதில் குற்றம் எங்கே வந்தது என்பதுதான் எப்போதும் கிடைக்கும் பதில். நோக்கம் விபசாரம்தான் என்று அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். தண்டனை வரை போன வழக்குகள் சில உண்டு. ஆனால் புகார் கொடுப்பது யார்? பெற்றவள், வாங்கியவள், கோயில் நிர்வாகம், ஊர்ப் பெரியவர்கள் என்று எல்லோருமே சடங்கில் நின்றவர்கள். எஞ்சியது அந்தக் குழந்தை மட்டும்தான்.

சிவில் நீதிமன்றங்களில் கதையே வேறு. தேவதாசி பெண் குழந்தையைத் தத்தெடுப்பதைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1880ல் ஏற்க மறுத்தது. சென்னையிலோ அது குல வழக்கம் என்று ஏற்றுக்கொண்ட தீர்ப்புகள் உண்டு. ஒரே நாட்டில் ஒரு சட்டப் புத்தகம் குற்றம் என்கிறது, இன்னொன்று வழக்கம் என்கிறது! 1924ல் தண்டனைச் சட்டத்தில் வயது வரம்பை 16ல் இருந்து 18 ஆக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் டெல்டாவின் கோயில்களில் பொட்டுக்கட்டு நிற்கவில்லை.

நெல்லும் நிலமும்

ஏன் நிற்கவில்லை என்பதற்கான பதில் பக்தியில் மட்டும் இல்லை, வயலிலும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களைப் பற்றிய விவரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். (அந்தப் பெண்களும் 1900களின் தேவதாசிகளும் ஒன்றா என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதமே உண்டு. இடையில் ஓடியது 900 ஆண்டு.) ஆனால் கோயில் பணிக்கு நெல்லும் நிலமும் என்ற ஏற்பாடு மட்டும் தொடர்ந்தது. பணி செய்ய வீட்டில் அடுத்த பெண் இல்லையென்றால் மானிய நிலம் கையை விட்டுப் போகும். அதனால் பெண் இல்லாத வீட்டில் பெண் குழந்தையை வாங்கினார்கள். ராமாமிர்தம் போன்ற குழந்தைகள் தேவைப்பட்டது இதற்காகவும்தான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டு முதல் அடி அடித்தவர் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அம்மாவும் அதே சமூகம்தான். அவர் கொண்டுவந்த 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் பணி நிபந்தனையிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் போய்விடும் என்ற மிரட்டல் அதோடு செல்லாக்காசு ஆனது. அடுத்து 1930ல் பொட்டுக்கட்டையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்து அவர் சட்டமன்றப் பதவியை உதற, மசோதா கிடப்பில் விழுந்தது.

எதிர்த்தவர்களில் பெரிய தலைகளும் இருந்தார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் வாதம் இதுதான்: இன்று பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுத்தால், நாளைக்கு அர்ச்சகர் பணியிலும் அரசு கைவைக்கும். மத விஷயத்தில் சட்டம் எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அர்ச்சகர் வீட்டுப் பையனை யாரும் 10 ரூபாய்க்கு வாங்கி வரவில்லையே!

மாயவரத்திலிருந்து ஒரு குரல்

சட்டமன்றத்துக்குள் முத்துலட்சுமி என்றால், தெருவில் ராமாமிர்தம். காங்கிரஸ்காரராகக் கதர் உடுத்தி வேலை செய்தவர் அவர். மாயவரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் தாசி வீடுகளின் கதவைத் தட்டி, பொட்டுக்கட்டாதீங்க, கல்யாணம் பண்ணி வையுங்க என்று கேட்டார். 1925ல் மாயவரத்தில் இசை வேளாளர் மாநாட்டைக் கூட்டினார். அதே ஆண்டு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேற, ராமாமிர்தமும் சுயமரியாதை இயக்கத்துக்குப் போனார்.

1936ல் ஒரு நாவல் எழுதினார். தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர் என்பது தலைப்பு. மைனர்கள் சொத்தை அழிப்பது, வீட்டுப் பெரியவள் இளம்பெண்ணை வைத்துப் பேரம் பேசுவது, அதை எதிர்த்துப் பெண்கள் வெளியே வருவது என்று தான் பார்த்து வளர்ந்த உலகத்தைக் கதையாக்கினார்.

1938ல் இந்தி கட்டாயப் பாடத்தை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு நடைப்பயணம் கிளம்பியது. 42 நாள், 577 மைல். சுமார் 100 பேர் கொண்ட அந்தப் படையில் ஒரே பெண் அவர்தான், வயது 55. அதே ஆண்டு நவம்பரில் மறியல் செய்து ஆறு வாரம் சிறையும் சென்றார்.

ஆனா எல்லாப் பெண்களும் அவர் பக்கம் இல்லை

திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாளும் தேவதாசிதான். சென்னை தேவதாசிகள் சங்கத்தோடு சேர்ந்து அவர் இந்தச் சட்டத்தை எதிர்த்தார். கலை வளர்த்த, கோயிலுக்குக் கொடுத்த ஒரு குலத்தை மொத்தமாக விபசாரிகள் என்று முத்திரை குத்துவது நியாயமா என்பது அவர்கள் தரப்பின் கேள்வி.

அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. மற்ற இந்துக் குடும்பங்களில் மகளுக்குச் சொத்துரிமை இல்லாத காலம் அது. 1956 வாரிசுரிமைச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டும். தேவதாசி வீட்டிலோ சொத்து பெண் வழியாகப் போனது, பெண் படித்தாள், தன் பேரில் தானம் எழுதினாள். அந்த விலக்கை எடுத்துவிட்டால் பெண் போய்ச் சேருவது எந்த உரிமையும் இல்லாத பொதுச் சட்டத்துக்குள். இதற்கு ராமாமிர்தம் தரப்பில் முழுப் பதில் இருந்ததாகச் சொல்ல முடியாது. அவருடைய கவலை, சொத்து வைத்திருந்த சிலரைப் பற்றியது அல்ல. கேட்க நாதியில்லாமல் வாங்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியது.

இன்றைய உதாரணத்தோடு பார்த்தால் வித்தியாசம் எளிதாகப் புரியும். தலைப்பாகை கட்டிய சீக்கியர் ஹெல்மெட் போட வேண்டாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் விலக்கு தருகிறது. அந்த விலக்கைக் கேட்பவரும் அவரே, ஆபத்தை ஏற்பவரும் அவரே. பொட்டுக்கட்டில் விலக்கைக் கேட்டது கோயிலும் குடும்பமும். விலை கொடுத்தது வேறு ஒருத்தி.

1947: விலக்கு முடிந்தது

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1947ல் சென்னை மாகாண தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் சடங்கை நடத்தினாலோ அதில் பங்கெடுத்தாலோ ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். எந்த வழக்கத்தையும் காரணம் காட்ட முடியாது. பொட்டுக்கட்டிய பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்யலாம் என்று எழுதினார்கள். நோக்கத்தை நிரூபிக்கும் தொல்லை போய், சடங்கே குற்றமானது. கோயிலுக்குள் பெண்கள் ஆடுவதையும் சேர்த்தே சட்டம் தடுத்தது. அந்த ஆட்டம் பரதநாட்டியமாகச் சென்னை சபாக்களில் ஏறியபோது, மேடையில் நின்றவர்கள் பெரும்பாலும் வேறு வீட்டுப் பெண்கள். அது இன்னும் ஆறாத ஒரு மனக்குறை.

மூன்று ஆண்டு கழித்து வந்த அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மத சுதந்திரம் தந்தது. கூடவே பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் அந்தச் சுதந்திரம் என்றும், சமூகச் சீர்திருத்தச் சட்டம் போட அரசுக்குத் தடையில்லை என்றும் சொன்னது.

ராமாமிர்தம் 1949ல் பெரியாரை விட்டுப் பிரிந்து அண்ணாவோடு திமுகவுக்குப் போனார். கடைசிவரை மேடை ஏறினார். 1962 ஜூன் 27 அன்று காலமானார்.

1989ல் அவர் பேரில் வந்த திருமண உதவி சும்மா கிடைக்கவில்லை, பொண்ணு படித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்போது கல்யாணம் என்ற வார்த்தையே அந்தத் திட்டத்தில் இல்லை. கல்லூரியில் படித்தால் மாதம் 1000 ரூபாய், அதுவும் பொண்ணோட சொந்தக் கணக்குல.